அணிக்கோவைக் கோல் மாதிரி

அணிக்கோவைக் கோல் மாதிரி என்பது நிலைமாற்றங்களை ஆராயப் புள்ளியியல் இயற்பியலில் பயன்படும் எளிய மாதிரிகளுள் ஒன்றாகும். ஈர்ப்பு விசை ஏதுமின்றி, இடநெருக்கடியால் மட்டுமே ஒழுங்கு தோன்றவும் மறையவும் கூடும் என்பதை இது காட்டுகிறது. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் இதன் ஆய்வில் முக்கியப் பங்காற்றியுள்ளது.

மாதிரியின் அமைப்பு

கட்டம் போட்ட தாள் போன்ற சதுர அணிக்கோவையில் ஒரே நீளமுள்ள கோல்கள் கிடையாகவோ செங்குத்தாகவோ வைக்கப்படுகின்றன. ஒரு கட்டத்தில் இரு கோல்கள் அமையக்கூடாது என்பதே ஒரே விதியாகும். எல்லா அமைப்புகளும் ஒரே ஆற்றல் உடையவை. ஆகவே ஐசிங் மாதிரியில் வெப்பநிலை செய்யும் பணியை இங்குக் கோல்களின் அடர்த்தி செய்கிறது.

இரு நிலைமாற்றங்கள்

கோலின் நீளம் 7 கட்டங்கள் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒழுங்கு நிலை தோன்றும் என்று ஆனந்தமோகன் கோஷ், தீபக் தர் ஆகியோர் 2007 ஆம் ஆண்டில் கண்டனர்.

அடர்த்தி குறைவாக இருக்கையில் இரு திசைகளிலும் கோல்கள் சம அளவில் காணப்படும். அடர்த்தி கூடும்போது பெரும்பாலானவை ஒரே திசையில் அமையும். இணையாக உள்ள கோல்களுக்கு நகர இடம் அதிகம். அதனால் சாத்தியமான அமைப்புகளின் எண்ணிக்கையும், அதாவது என்ட்ரோபியும், மிகுகிறது.

அடர்த்தி மேலும் கூடி, தாள் ஏறக்குறைய நிரம்பும்போது இவ்வொழுங்கு மறைகிறது. எடுத்துக்காட்டாக, 70×70 கட்டங்களை 7 கட்ட நீளக் கோல்களால் முழுவதும் நிரப்புவதாகக் கொள்வோம். எல்லாக் கோல்களும் கிடையாக இருக்க ஒரே வழிதான் உண்டு. அதே பரப்பை 100 சிறு சதுரங்களாகப் பிரித்தால், ஒவ்வொன்றையும் கிடையாகவோ செங்குத்தாகவோ நிரப்பலாம். இதற்கு 2¹⁰⁰ வழிகள் உள்ளன. எனவே நிரம்பிய நிலையில் கலப்பு அமைப்பே மேலோங்குகிறது.

கணினி ஆய்வு

நெருக்கமாக அடுக்கிய கோல்களை ஒவ்வொன்றாக நகர்த்தும் கணிப்பு முறைகள் உயர் அடர்த்தியில் தேங்கிவிடும். ஜாய்ஜித் குண்டு, இரா. இராஜேஷ், தீபக் தர், யூர்கன் ஸ்டில்க் ஆகியோர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு இத்தடையைக் கடந்தது. இம்முறையில் கிடைக் கோல்கள் அனைத்தும் ஒருசேர நீக்கப்பட்டு, ஒவ்வொரு வரிசையும் தனித்தனியே உரிய நிகழ்தகவுகளின்படி மீண்டும் நிரப்பப்படுகிறது. பின்னர் செங்குத்துக் கோல்களுக்கும் இவ்வாறே செய்யப்படுகிறது. ஒரு பரிமாண வரிசைக்குரிய நிகழ்தகவுகளைத் துல்லியமாகக் கணக்கிட முடிவதே இதன் அடிப்படையாகும். இதன் மூலம் இரண்டாம் நிலைமாற்றம் நேரடியாக ஆராயப்பட்டது.

மிக நீண்ட கோல்களுக்கு இடைப்பட்ட அடர்த்தியில் ஒழுங்கு நிலை உண்டு என்பதை மார்கெரிட்டா டிசெர்ட்டோரி, அலெசாண்ட்ரோ ஜூலியானி ஆகியோர் 2013 இல் கணித முறையில் நிறுவினர்.