மாற்றுச் சிறுநீரகமும் வாய்ப் பங்கசும்

பிறரது உறுப்பொன்றை ஏற்று உயிர்வாழ்தல் இன்று வழமையான வைத்திய நிகழ்வாகிவிட்டது. எனினும், அவ்வாழ்வுக்கு உடல் செலுத்தும் விலை அதிகம் பேசப்படுவதில்லை. அவ்விலை சில வேளைகளில் நோயாளியின் நாவிலே வெண்படலமாக வெளிப்படுகின்றது. எளிதிற் கண்டறியக்கூடிய அந்நோயைப் புறக்கணித்தலும், ஆராயாது மருந்திடுதலும் ஒருங்கே ஆபத்தானவை என்பதையே நாம் இங்கு விளக்க முனைகின்றோம்.

1954 ஆம் ஆண்டிற் பொஸ்ரன் நகரில் யோசப் மரே குழுவினர் செய்த சிறுநீரக மாற்று வெற்றியளித்தமைக்கு, வழங்கியவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையராயிருந்தமையே முக்கிய காரணமாகும். ஏனையோரில் உடலின் நிர்ப்பீடனம் புதிய உறுப்பை அந்நியமெனக் கொண்டு தாக்கும். அதனை அடக்கும் மருந்துகளின் பிறப்பு சிந்தனைக்குரியது. சைக்குளோஸ்போரின் நோர்வே நாட்டு மண்ணிற் கிடைத்த பங்கசு ஒன்றிலிருந்து பெறப்பட்டது. ஈஸ்ரர் தீவு மண்ணின் பற்றீரியா ஒன்றிலிருந்து பெறப்பட்ட ரப்பமைசினோ, முதலிற் பங்கசு எதிர்ப்பு மருந்தாகவே ஆராயப்பட்டது. நிர்ப்பீடனத்தை அடக்கும் அதன் ஆற்றலே பின்னர் பெரும் பயன் தந்தது.

கண்டிடா என்னும் மதுவ வகைப் பங்கசு நலமுள்ளோர் பலரது வாயிலும் தீங்கின்றி வாழ்கின்றது. ரி-நிணநீர்க்குழியங்களும், உமிழ்நீரும், உடன்வாழும் பற்றீரியாக்களும் அதனைக் கட்டுப்படுத்துகின்றன. உறுப்பைக் காக்கும் மருந்துகள் முதலாவது காவலைத் தளர்த்துகின்றன. நுண்ணுயிர்கொல்லிகள் மூன்றாவதைக் குலைக்கின்றன. ஸ்ரீரொயிட்டுகளால் உயரும் குருதி வெல்லமும், இரவிலும் கழற்றப்படாத செயற்கைப் பற்களும் பங்கசுக்குத் துணைபுரிகின்றன. மருந்தளவு மிகுந்திருக்கும் முதல் மாதங்களே கூடிய இடர் நிறைந்தவை.

துடைத்தால் அகன்று, செந்நிறப் புண்ணைக் காட்டும் வெண்படலம் இதன் பிரசித்தமான வடிவம். வெண்மையின்றிச் சிவந்து எரியும் வடிவமும், கடைவாய் வெடிப்பும் உண்டு. விழுங்கும்போது வலி தோன்றின், நோய் உணவுக்குழாய்க்கும் பரவியிருக்கலாம்.

சிகிச்சையிலேதான் சிக்கல் எழுகின்றது. 1950 இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் ஆகிய இரு பெண் விஞ்ஞானிகள் அறிவித்த நிஸ்ரற்றின் குடலால் அரிதாகவே உறிஞ்சப்படுவதால், வாயளவில் நின்று தொழிற்படும். கடுமையான நோய்க்குப் பயன்படும் புளுக்கொனசோல் அத்தகையதன்று. சைக்குளோஸ்போரின், ரக்ரோலிமஸ் ஆகியவற்றைச் சிதைக்கும் ஈரல் நொதியத்தை அது தடுக்கின்றது. அதனால் அம்மருந்துகள் குருதியில் மிகுந்து, காக்கவேண்டிய சிறுநீரகத்தையே நஞ்சூட்டக்கூடும். மாறாக, குறைத்த மருந்தளவை மீளச் சீராக்காது புளுக்கொனசோலை நிறுத்தினால், குருதியில் அவற்றின் செறிவு வீழ்ந்து உறுப்பு நிராகரிக்கப்படலாம். எனவே தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் குருதியில் மருந்தின் செறிவை அளந்தறிதல் இன்றியமையாதது. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கியுண்ணும் ஒரு வில்லை, பெரும் பொருட்செலவிலும் மற்றொருவரின் ஈகையாலும் பெற்ற உறுப்பை இழக்கச் செய்யலாம்.

வாயைப் பரிசோதிக்க ஒரு விளக்கும் நாவழுத்தியும் போதும். அறுவை வைத்தியரின் சாதனையைப் போற்றும் நாம், அதனை நிலைக்கச் செய்யும் இச்சிறு பணியையும் மதித்தல் வேண்டும். மாற்றுச் சிகிச்சைக்கு முன்னரே பல் வைத்தியரின் பரிசோதனையும், பின்னர் ஒவ்வொரு வருகையின்போதும் வாய்ப் பரிசோதனையும் சிகிச்சையின் பிரிக்கவொண்ணாத அங்கங்களாதல் வேண்டும். மருந்துகளின் இவ்வுறவை நோயாளிக்கு அவரது மொழியில் விளக்குதலும் அத்தகையதே. அவ்வறிவு வைத்தியரிடம் மட்டும் தங்கிவிடின், அதனால் நோயாளிக்கு விளையும் பயன் அரைகுறையே.