ஒலிவாங்கிக்குள் ஒரு வானொலி



என் குரல் உங்கள் வீட்டுக்கு வந்து சேர வானொலி அலை வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் சில மைக்குகளின் உள்ளேயே வானொலி அலை ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. அது எதற்காக? ஒரு பயன், ஈரக்காற்றைச் சமாளிப்பது.

முதலில் சாதாரண கண்டென்சர் மைக்கைப் பார்ப்போம். 1916-இல் அமெரிக்காவில் வென்டே என்ற பொறியாளர் உருவாக்கியது இது. தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு சவ்வு; அதன் பின்னால், தொடாமல் மிக நெருக்கமாக ஓர் உலோகத் தகடு. இரண்டும் சேர்ந்தால் ஒரு மின்தேக்கி. அதில் மின்னூட்டம் ஏற்றி வைக்கிறோம். நாம் பேசும்போது சவ்வு அசைகிறது, இடைவெளி மாறுகிறது, மின்னழுத்தமும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் நம் குரலின் மின்வடிவம்.

இங்கே ஒரு பலவீனம் உண்டு. ஏற்றிய மின்னூட்டம் கசியாமல் இருக்க வேண்டும். இந்த மின்தேக்கியோ மிகச் சிறியது. 50 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஆணின் கனத்த குரலில் வரும் 100 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கு அது காட்டும் தடை 3 கோடி ஓமுக்கும் மேல். இவ்வளவு உயர்ந்த தடைக்குப் பக்கத்தில், ஈரம் படிந்து உண்டாகும் சிறு கசிவும் பெரிய வழியாகிவிடும். அடைமழை நாளில் மைக் ‘படபட’ என்று பொரிவது இப்படித்தான்.

ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1960-களில் தன் எம்.கே.ஹெச். வரிசை மைக்குகளில் வேறு வழியில் போனது. சவ்வும் தகடும் அதேதான். ஆனால் அவற்றை ஒரு கம்பிச்சுருளோடு சேர்த்து, வினாடிக்கு ஏறக்குறைய 80 லட்சம் முறை, அதாவது 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அலையும் மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். சவ்வு அசையும்போது அந்தச் சுற்றின் இசைவு சற்றே விலகும். எவ்வளவு விலகியது என்பதை இன்னொரு பகுதி கண்டறிந்து, மறுபடி குரலாக்கித் தரும். எஃப்.எம். பெட்டி செய்யும் வேலையைப் போன்றதே இது.

இதனால் என்ன லாபம்? அலைவெண் ஏற ஏற மின்தேக்கியின் தடை இறங்கும். 100 ஹெர்ட்ஸைவிட 8 மெகாஹெர்ட்ஸ் 80,000 மடங்கு அதிகம். ஆகவே 3 கோடி ஓம் சுமார் 400 ஓமாகிவிடுகிறது. இனி ஈரத்தின் கசிவு பொருட்டே அல்ல. வெளிப்புறப் படப்பிடிப்புகளில் இவ்வகை மைக்கை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இதைக் கார்ட்லெஸ் மைக் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த அலை உள்ளேயே நின்றுவிடும். வெளியே கம்பி வழியாக வருவது குரல் மட்டுமே. மின்சாரமும் தேவை, விலையும் அதிகம். நம் வாசகமேடைக்கு இது வேண்டியதில்லை. காந்தமும் சுருளும் கொண்ட டைனமிக் மைக் ஈரத்தை நன்றாகவே தாங்கும்.

பாடகர் குழுவிடம் சாதாரண கண்டென்சர் மைக் இருந்தால் ஒரு வேண்டுகோள். சோதிக்க அதில் ‘உஃப், உஃப்’ என்று ஊதாதீர்கள். மூச்சுக்காற்று முழுக்க ஈரம்; அதன் வேகம் சவ்வையும் வருத்தும். பேசிப் பாருங்கள், போதும். திருப்பலி முடிந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். கடைசி வரிசையில் காது மந்தமான ஒரு பாட்டி அமர்ந்திருப்பார். வாசிக்கப்படும் ஒவ்வொரு சொல்லும் அவருக்கும் உரியது.