ஒரு கோடா... இரண்டு கோடா...?

கல்யாணமாகி மூன்று மாதம் ஆனால் போதும். "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று ஊரே கேட்க ஆரம்பித்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பயந்தே நம் வீட்டு இளம் பெண்கள், நாள் தள்ளுவதற்கு முன்பே மருந்துக் கடைக்கு ஓடி கர்ப்பம் பார்க்கும் கிட்டை வாங்கி வந்துவிடுகிறார்கள். நல்ல சாதனம்தான். ஆனால் அதை எந்த நாளில் பார்ப்பது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒருநாள் கண் சிவந்து வந்து நின்றாள். "அக்கா, மூணு தடவை பார்த்துட்டேன். ஒரே கோடுதான் வருது. இந்த மாசமும் இல்லைன்னு அத்தை முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க" என்றாள்.

"உனக்கு டேட் எப்பம்மா?"

"இன்னும் நாலு நாள் இருக்குக்கா."

வர வேண்டிய தேதியே வரவில்லை, அதற்குள் மூன்று கிட்! "நாள் தள்ளி ஒரு வாரம் போகட்டும், அப்புறம் பாரு" என்றேன். அப்படியே செய்தாள். இரண்டு கோடும் பளிச்சென்று தெரிந்தன. முதல் மூன்று கிட்டிலும் குறை இல்லை. பார்த்த நாள்தான் சரியில்லை.

ஏன் அப்படி? கரு உண்டான அன்றே சிறுநீரில் எதுவும் தெரியாது. முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து 6 முதல் 12 நாளுக்குள்தான் கரு வந்து கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகே 'எச்.சி.ஜி.' என்ற ஹார்மோன் ரத்தத்திலும் சிறுநீரிலும் கலக்கிறது. ஆரம்பத்தில் அது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். சாதாரண கிட்டுகள் பலவும் சுமார் 25 யூனிட் சேர்ந்தால்தான் கோடு காட்டும். இன்றைக்கு 6 யூனிட் இருந்தால், இரண்டு நாளில் 12, நாலு நாளில் 24, ஆறு நாளில் 48. இன்று காட்டாத கோடு அடுத்த வாரம் காட்டுவது இதனால்தான். பாலுக்கு உறை ஊற்றி அரை மணியில் தயிரைத் தேடினால் கிடைக்குமா?

அட்டையில் '99 சதவீதம்' என்று போட்டிருப்பதும், நாள் தள்ளிய பிறகு முறைப்படி பார்த்தால்தான் பொருந்தும். மாதாமாதம் தேதி மாறி மாறி வருகிறவர்கள், கணவரோடு சேர்ந்த கடைசி நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? 1920களின் கடைசியில் ஜெர்மனியில் பெண்ணின் சிறுநீரை எலிக்கு ஊசியாகப் போட்டு, சில நாள் கழித்து அதை அறுத்துப் பார்ப்பார்கள். 1930களில் தவளைக்கு ஊசி போட்டு, அது முட்டையிடுகிறதா என்று பார்த்தார்கள். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் வீட்டிலேயே பார்க்கும் கிட் வந்தது. அதிலும் சோதனைக் குழாயை இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். இன்று ஐந்தே நிமிஷம்!

பார்க்கும் முறை

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரே நல்லது. நைட் ஷிப்ட் போகிறவர்கள் நீண்ட நேரம் தூங்கி எழுந்தபின் போகும் முதல் சிறுநீரை எடுக்கலாம். நாலு மணி நேரமாவது அடக்கியிருந்ததாக இருக்கட்டும். அதற்கு முன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

காலாவதித் தேதியைப் பாருங்கள். உறையை முன்கூட்டியே பிரிக்காதீர்கள். அடுப்பு மேல் அலமாரியில், வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள்.

அட்டையில் சொன்ன அளவு சொட்டு விட்டு, சொன்ன நிமிஷத்தில் பாருங்கள். 'சி' என்ற இடத்தில் கோடு வரவில்லை என்றால் அந்தக் கிட் உதவாது. 'டி' என்ற இடத்தில் நேரத்துக்குள் மங்கலாகக் கோடு வந்தாலும் அது கர்ப்பம்தான். இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். குப்பையில் போட்டதை மத்தியானம் எடுத்துப் பார்த்து, "லேசா ஏதோ தெரியுதே" என்று மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். காய்ந்தபின் வரும் தடம் கணக்கில் சேராது.

சர்க்கரை, உப்பு, பற்பசை போட்டுப் பார்க்கும் வேலை எதுவும் வேண்டாம். அவற்றுக்கும் இந்த ஹார்மோனுக்கும் சம்பந்தமே இல்லை.

குழந்தைப்பேறுக்காக எச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்கு அந்த மருந்தே கோடாக வரும். அவர்கள் டாக்டர் சொன்ன நாளில்தான் பார்க்க வேண்டும். கரு கலைந்தவர்களுக்கும் சில வாரம் வரை இரண்டு கோடு காட்டலாம்.

கோடு சொல்லாதது

இதுதான் முக்கியம். உடம்பில் அந்த ஹார்மோன் இருக்கிறது என்பதை மட்டுமே இரண்டு கோடு சொல்கிறது. கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதைச் சொல்லாது. ஆவடியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், இரண்டு கோடு பார்த்து ஸ்வீட் கூடக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கமாக அடிவயிற்றில் வலி. "வாயுவா இருக்கும், ஓமத் தண்ணி குடி" என்றார்கள். மறுநாள் மயங்கி விழுந்தாள். கரு கர்ப்பப்பையில் இல்லை, குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டது. அன்று ராத்திரியே ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

நாள் தள்ளிய பெண்ணுக்கு ஒரு பக்க வயிற்று வலி, உதிரப்போக்கு, தோள்பட்டை வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. வேண்டாத கர்ப்பம் என்று கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவதும் ஆபத்து. குழாயில் தங்கிய கருவை அந்த மாத்திரை கலைக்காது.

இரண்டு கோடு வந்தால் டாக்டரம்மாவைப் பாருங்கள். பகுதி சுகாதார நர்ஸிடம் பதிவு செய்து 'பிக்மி' எண் வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும் என்று வைத்தார்கள். பணத்தை விடுங்கள், ரத்த சோகை, சர்க்கரை, பிரஷர் எல்லாம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும் அல்லவா?

ஒரு வாரம் கழித்தும் ஒரே கோடு, தலைக்குக் குளிக்கவும் இல்லை என்றால், தைராய்டு போன்ற வேறு காரணம் இருக்கலாம். அதற்கும் டாக்டர்தான். நாற்பதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்களும் "நிற்கிற வயசு" என்று தள்ளிவிடாமல் ஒருமுறை பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாக மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. சீக்கிரமே பார்த்து இரண்டு கோடு கண்டு, நாலு நாளில் தீட்டாகிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் கருவிலேயே இருக்கும் கோளாறுதான் அதற்குக் காரணம். அந்தப் பெண் மாடிப்படி ஏறியதாலோ வேலைக்குப் போனதாலோ அல்ல. பழி சொல்லாமல் ஒரு டம்ளர் சூடான பாலைக் கையில் கொடுங்கள். "விசேஷமா?" என்று கேட்பதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். அவளாகவே வந்து சொல்வாள்.