ஓட்டமும் ஊணும்

ஐம்பத்தைந்தாம் அகவையில் ஓடத் தொடங்கினேன். எடை 80 கிலோவாயிற்று, இரத்த அழுத்தமும் ஏறிற்று, வைத்தியர் எச்சரித்தார். இரணைமடு நீர் பாயும் வட்டக்கச்சி வாய்க்காற்கரையில், வைகறைதோறும் ஒரு நிமிடம் ஓடி இரு நிமிடம் நடந்து பயின்றேன். மாணவர் நகைப்பரோ என்னும் நாணம் மூச்சிரைப்பினும் பெரிதாயிருந்தது.

இரு திங்களாகியும் எடை குறையவில்லை. கணக்கிட்டேன். என் எடையுள்ளோர் ஒரு கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 80 கலோரியே செலவாகும். ஒரு கோப்பைச் சோறோ ஏறத்தாழ 200 கலோரி தரும். ஓடிய களிப்பில் நாளும் ஒரு கோப்பை மிகுதியாக உண்டிருந்தேன்!

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் ஆறு குறள்கள் உண்ணும் முறையையே உரைக்கின்றன. முப்பதாண்டு அதனைக் கற்பித்த நான், ஓடிய பின்னரே கற்றேன். இன்று 3 கிலோ குறைந்துளது. எதிர்ப்படும் மாணவர் வணங்கினால், மூச்சு வாங்கியவாறே நானும் வணங்குகிறேன்.