கேபிள் இழுப்பதில் தொடங்கும் கணனித் தொழில்

காணியை விட்டு வந்த குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இரண்டுதான்: பிள்ளையின் படிப்பு, தாயிடம் இருக்கும் சில பவுண் நகை. அந்த நகையை அடகு வைத்து, விலை கூடிய கணனிப் பாடநெறியொன்றில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று பல பெற்றோர் யோசிக்கின்றனர். அவசரப்பட வேண்டாம். கணனி வலையமைப்புத் தொழிலுக்குச் செலவு குறைந்த வேறொரு வாசல் உண்டு. முதலில் சிறிய வேலையொன்றில் நுழைந்து, உழைத்துக்கொண்டே படிப்பதுதான் அந்த வாசல்.

வலையமைப்பு என்றால் என்ன? வங்கி, வைத்தியசாலை, பாடசாலை போன்ற இடங்களிலுள்ள கணனிகளை ஒன்றோடொன்றும் வெளியுலகோடும் இணைத்து வைப்பதாகும். கமக்காரருக்கு இது விளங்காத விடயமல்ல. குளத்து நீர் பெரிய வாய்க்காலால் வந்து, கிளை வாய்க்கால்களில் பிரிந்து வயலைச் சேர்கிறது. தகவலும் அவ்வாறே ரவுட்டர் வழியாக உள்ளே வந்து, சுவிட்ச் என்னும் கருவியில் பிரிந்து உரிய கணனிக்குப் போகிறது. கடைசி வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்கால் வழியே நடந்து உடைப்பைத் தேடுகிறோம். வலையமைப்பில் பழுது பார்ப்பவரும் மின்சாரம், கேபிள், சுவிட்ச், ரவுட்டர் என ஒவ்வொன்றாகச் சோதித்துப் போகிறார். அந்தப் பொறுமையே இத்தொழிலின் முதல் தகுதி.

நுழைவதற்கு ஏற்ற வேலைகள் மூன்று.

முதலாவது, கட்டடங்களில் கேபிள் பதித்தலும் கண்காணிப்புக் கமரா பொருத்தலும். சாதாரண வலையமைப்புக் கேபிளில் 4 சோடிகளாக 8 கம்பிகள் இருக்கும். அவற்றை நிற ஒழுங்கு தவறாமல் முனையில் பொருத்த வேண்டும். ஓர் இணைப்பின் நீளம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது, கணனி திருத்தும் கடையில் உதவியாளர் வேலை.

மூன்றாவது, நிறுவனங்களின் உதவிப் பிரிவில் தொலைபேசியில் முறைப்பாடு கேட்டுத் தீர்வு சொல்லும் வேலை. மூன்றையும் பெண்பிள்ளைகளும் செய்யலாம்.

ஆனால், கணனிக்கு முன்னால் இருக்கும் வேலையெல்லாம் இந்தப் பாதையில் சேராது. தட்டச்சும் போட்டோப் பிரதியும் மட்டும் செய்யும் கடையில் ஐந்து வருடம் இருந்தாலும் ரவுட்டரைத் தொடக் கிடைக்காது. ஆகவே, சேருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கருவிகளைக் கையாளப் பழக்குவார்களா? அனுபவம் உள்ள ஒருவரோடு வேலைக்கு அனுப்புவார்களா? நியமனக் கடிதமும் ஊழியர் சேமலாப நிதியும் உண்டா? அந்த நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும், தொழில்தருநர் தம் பங்காக 12 வீதமும் செலுத்துவது சட்டம்.

பாதுகாப்பையும் கேளுங்கள். உயரத்தில் ஏறப் பாதுகாப்புப் பட்டி வேண்டும். மின்கம்பிக்கு அருகே தனியாக வேலை செய்யக் கூடாது. ஒளியிழைக் கேபிளின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாமலே பார்வையைப் பாதிக்கலாம்.

வேலை நிலைத்தபின் படிப்பைத் தொடரலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் கணனிப் பயிற்சிகள் உள்ளன. தனியார் நிலையமானால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். வேலை செய்து பழகியவர்கள், தமது திறமையை மதிப்பிடச் செய்து தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறவும் வழியுண்டு. அத்தகைமை 7 மட்டங்களைக் கொண்டது.

சிஸ்கோ நிறுவனம் 1997இல் தொடங்கிய கல்வித் திட்டத்தின் ஆரம்பப் பாடங்கள் சிலவற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதே நிறுவனத்தின் சிசிஎன்ஏ பரீட்சை பல நாடுகளில் மதிக்கப்படுவது. அதற்குத் தோற்ற முன்தகைமை எதுவும் கேட்பதில்லை. சான்றிதழ் 3 வருடங்களுக்குச் செல்லுபடியாகும். கட்டணம் டொலரில் என்பதால், கைப்பழக்கம் வந்தபின், சொந்தச் சம்பளத்தில் சேமித்துத் தோற்றுவதே நல்லது. பரீட்சை ஆங்கிலத்தில் நடப்பதால் தினமும் சிறிது நேரம் ஆங்கிலம் வாசிக்கப் பழகுங்கள்.

பெற்றோரே, பிள்ளை முதல் வருடம் தூசு படிந்த சட்டையோடு வீடு திரும்பினால் மனம் சோராதீர்கள். நாற்று மேடையில் நிற்கும் பயிரிடம் எவரும் விளைச்சல் கேட்பதில்லை. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பிள்ளை தொழிலைப் பழகட்டும்.