பழைய டிராக்டர் பெட்டியைத் துருவிலிருந்து காப்போம்

நமது கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் கிராமக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பப் பழைய டிராக்டர் பெட்டியையே நம்பியிருக்கும் வணிகர்கள் பலர். டீசலுக்கும் ஏற்றுக்கூலிக்கும் கணக்கு எழுதும் நாம், பெட்டியைத் தின்னும் துருவுக்குக் கணக்கு எழுதுவதில்லை.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குத் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பெயிண்ட் அடித்துப் பொட்டு வைத்துவிடுவோம். ஒரு மழைக்காலத்தில் உப்பு மூட்டை ஏற்றிச் சென்றபோது, முன்கொக்கியின் வெல்டிங் விட்டுப் பெட்டி தனியே கழன்று சாலையோரம் இறங்கியது. ஆளுக்குச் சேதமில்லை, கடவுள் காப்பாற்றினார். பட்டறையில் தட்டிப் பார்த்தபோது, பளபளப்பான பெயிண்டுக்கு உள்ளே இரும்பு அப்பளம்போல் நொறுங்கியது.

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு கலந்தால் அது இன்னும் விரைவாகப் பரவும். மரக்காணம் உப்பளங்களிலிருந்து வரும் உப்பும், உர மூட்டைகளும் நம் பெட்டிக்குப் பெரும் பகை. டெல்லி இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்பதற்கு, அதிலுள்ள பாஸ்பரஸ் உண்டாக்கிய காப்புப் படலம் ஒரு முக்கியக் காரணம் என்பர். நம் பெட்டித் தகட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாம்தான் காப்புப் போட வேண்டும்.

முதலில் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் தகடு நலம். மந்தமாக ஒலித்தாலோ, உதிர்ந்தாலோ அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கொக்கி, அச்சு, சேசிஸ் ஆகியவற்றில் பூச்சு வேலை போதாது. நல்ல பட்டறைக்காரரிடம் காட்டுவதே முறை.

மேல்துருவைக் கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுக்கவும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் அவசியம். மிச்சம் உள்ள துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி கடையில் கிடைக்கும். ரப்பர் கையுறை அணிந்து, டப்பாவில் எழுதியுள்ள முறைப்படி பூசவும். நன்றாகக் காய்ந்தபின் ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் இரண்டு கோட் எனாமல் பெயிண்ட். ஈரத்தின்மேல் பெயிண்ட் அடிப்பது துருவுக்குப் போர்வை போர்த்துவதாகும். ஆகவே ஐப்பசி மழை தொடங்குமுன் வேலையை முடித்துவிட வேண்டும்.

சிலர் பழைய இன்ஜின் ஆயிலைத் தளத்தில் தடவுவார்கள். அரிசியும் பருப்பும் ஏற்றும் பெட்டியில் அதைச் செய்யக் கூடாது. மூட்டையில் எண்ணெய் ஏறினால் சரக்கு கெடும், நம் பெயரும் கெடும்.

உப்பும் உரமும் இறக்கிய அன்றே பெட்டியை நல்ல தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிடுங்கள். மூட்டைக்கு அடியில் தார்ப்பாய் விரியுங்கள். மூலைகளில் நீர் வடியும் துளை அடைபடாமல் பாருங்கள்.

வரும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்குமுன் சுத்தியலை எடுத்து ஒருமுறை தட்டிப் பார்ப்போம். பெட்டிக்கு நாம் செய்யும் முதல் பூஜை அதுவே.