இளைப்புக்காரர்களின் ராத்திரிச் சாப்பாடு

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியை இருபது முப்பது வருஷம் சுவாசித்தவர்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தீவனம் கொட்டி எரு அள்ளியவர்கள், சேலம் சுண்ணாம்புக்கரட்டில் வெள்ளைக்கல் வெட்டியவர்கள், விறகடுப்பு ஊதியே வயசான பெண்கள், பீடியை விட முடியாத லாரி டிரைவர்கள். வேலை வேறு, ஊர் வேறு. ஐம்பதைத் தாண்டி மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு இவர்களில் பலர் சொல்லும் குறை மட்டும் ஒன்றுபோல் இருக்கும். பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. ராத்திரி படுத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் இருமல் எழுப்பி உட்கார வைத்துவிடுகிறது. தொண்டையில் கரிப்பு, வாயில் புளித்த தண்ணீர்.

இருமலுக்கு நெஞ்சு டாக்டரிடம் போகிறோம். கரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கிக்கொள்கிறோம். கரிப்பைப் பற்றி டாக்டரிடம் வாய் திறப்பதில்லை, அது வேறு சமாச்சாரம் என்ற நினைப்பு. பலருக்கு இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி நுரையீரலை உசுப்புகிறது. நுரையீரல் நோய் அந்தப் புளிப்பை இன்னும் மேலே ஏற்றுகிறது. இந்தச் சுழலை அறுப்பதில் மாத்திரைக்கு ஒரு பங்கு உண்டு. ராத்திரி எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிடுகிறோம், எப்படிப் படுக்கிறோம் என்பதற்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

புளிப்பு ஏன் மேலே ஏறுகிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும். வெளியிலிருந்து உதரவிதானமும் அந்த இடத்தை ஒரு பிடி பிடித்துக் காக்கிறது. சி.ஓ.பி.டி. என்று சீட்டில் எழுதித் தருகிற நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராது. தேங்கித் தேங்கி நுரையீரல் ஊதிக்கொள்ளும், குடைபோல் வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகும், பிடி தளரும். சிரமப்பட்டு மூச்சிழுக்கும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் உறிஞ்சும் விசை கூடுகிறது. ஒவ்வொரு இருமலும் வயிற்றை அமுக்குகிறது. கீழிருந்து தள்ளு, மேலிருந்து இழுப்பு, நடுவில் தளர்ந்துபோன வாய்.

ஏறி வந்தது இரண்டு வழியில் தொந்தரவு செய்யும். தூக்கத்தில் சில துளிகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். அவ்வளவு தூரம் போகாமல் உணவுக்குழாயின் அடியிலேயே நின்றாலும், வேகஸ் நரம்பு வழியாக மூச்சுக்குழாய் சுருங்கக்கூடும். கருவில் இந்த இரண்டு குழாய்களும் ஒரே குழாயிலிருந்து பிரிந்தவை, நரம்பும் இரண்டுக்கும் பொது.

2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எக்லிப்ஸ் ஆய்வின் முடிவு ஒன்று வந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 2138 சி.ஓ.பி.டி. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. முன்பு நோய் திடீரென முற்றியவர்களுக்கே அது திரும்பத் திரும்ப வருகிறது என்பது முக்கியமான செய்தி. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் அப்படி முற்றுவது கூடுதல் என்பது அதோடு சேர்ந்து தெரிந்தது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் கரிப்பைச் சின்ன விஷயமாக ஒதுக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

எல்லோருக்கும் நெஞ்சு எரியவும் செய்யாது. காலையில் குரல் கம்மியிருப்பது, ஓயாமல் தொண்டையைச் செருமுவது, சாப்பிட்ட கையோடு வரும் இருமல், குனிந்தால் எதுக்களிப்பது, படுத்தால் மட்டும் வரும் வீசிங் ஆகியவையும் அதன் அடையாளங்களாக இருக்கலாம்.

கேஸ் மாத்திரை செய்வதும் செய்யாததும்

பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பை அமிலம் சுரப்பதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போட்டால்தான் முழுப்பலன். பரோட்டா சாப்பிட்டு நெஞ்சு கரித்த பிறகு போடுவதால் அந்த நேரத்துக்கு ஒன்றும் நடக்காது.

இன்னொன்று: இந்த மாத்திரைகள் புளிப்பைக் குறைக்கும், ஏறி வருவதை நிறுத்தாது. புளிப்புக் குறைந்த தண்ணீரும் சோறும் ராத்திரியில் அதே வழியாகத்தான் மேலே வரும். எரிச்சல் போய்விட்டது, இருமல் போகவில்லையே என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். 2009இல் அமெரிக்காவில் 412 ஆஸ்துமா நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. நெஞ்செரிச்சல் இல்லாத, அல்லது மிக லேசாக இருந்தவர்களுக்கு எசோமிபிரசோலை 40 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்துமாவில் மாற்றம் இல்லை. நுரையீரலில் நார்த்தழும்பு விழும் ஐ.பி.எஃப். நோய்க்கும் இப்படித்தான். 2015இல் சர்வதேச வழிகாட்டல் அமிலக் குறைப்பு மருந்துகளை ஓரளவு ஆதரித்தது. 2022இல் மூச்சு மேம்படும் என்ற நோக்கத்துக்காக மட்டும் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு மாத்திரை தேவைதான். இல்லாதவர் இருமலுக்காக வருஷக்கணக்கில் விழுங்குவதில் பொருளில்லை.

டாக்டர் சொல்லாமல் நீண்டகாலம் போடுவதில் கெடுதலும் உண்டு. பி12, மக்னீசியம் குறையலாம், எலும்பு தேயலாம். ஸ்டீராய்டு எடுத்து ஏற்கெனவே எலும்பு பலவீனமானவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கடையில் கேட்காமலே தருகிற டோம்பெரிடோன் கலந்த கேப்சூலை, சளிக்குக் கொடுத்த அசித்ரோமைசினோடு சேர்த்துப் போட்டால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலந்து குடிக்கும் பழக்கம் பிரஷர்காரர்களுக்கும் கால் வீங்கியவர்களுக்கும் கூடவே கூடாது, அத்தனையும் உப்பின் சோடியம்தான்.

இளைப்பு மருந்தே இரைப்பை வாயைத் தளர்த்தினால்

நம் பக்கத்தில் இன்ஹேலர் என்றால் இன்னும் பயம். அது பழகிவிடும், கடைசிக் கட்டத்துக்கு உள்ளது என்று சொல்லி மாத்திரையையே கேட்டு வாங்குகிறார்கள். தியோபிலின் வகை மாத்திரைகளும் வாய்வழி சால்புடமாலும் அந்தச் சுருக்குத் தசையைத் தளர்த்துகின்றன. தியோபிலின் அமிலத்தையும் கூட்டும். இன்ஹேலரில் உள்ள மருந்தின் அளவு மிகக் குறைவு, நேராக நுரையீரலுக்குப் போகிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர் மாத்திரையிலிருந்து இன்ஹேலருக்கு மாற முடியுமா என்று டாக்டரிடம் கேட்பது மிகவும் பயனுள்ள கேள்வி. ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் தொண்டையில் பூஞ்சை படிந்து, அந்த எரிச்சலையும் அசிடிட்டி என்று நினைத்துக்கொள்வோம்.

பீடியை விட்டவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். புகை தியோபிலினை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். நிறுத்தியதும் அதே அளவு மாத்திரை உடம்பில் அதிகமாகத் தங்கி குமட்டல், படபடப்பு வரலாம்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், இளைப்பு முற்றியதற்கு ஸ்டீராய்டு மாத்திரை, இரண்டும் ஒரே வாரத்தில் வயிற்றுக்குள் போனால் குடல்புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது. அம்லோடிபின் அப்படிப் பரவலாகத் தரப்படும் மருந்து. சிலருக்கு அதுவும் அந்தத் தசையைத் தளர்த்தும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் நெஞ்செரிச்சலைச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேளுங்கள்.

பத்து மணிச் சோறு

தறி ஓட்டுகிறவர் ஷிஃப்ட் முடிந்து வீடு வர ராத்திரி ஒன்பது, ஒன்பதரை. குளித்துச் சாப்பிடப் பத்து. நாள் முழுக்க டீயும் வடையும்தான் என்பதால் இந்த ஒருவேளைதான் வயிறு நிறையும் சாப்பாடு. ஒரு பீடி. பத்தரைக்குப் படுக்கை. லாரிக்காரருக்கு சங்ககிரி பைபாஸில் பரோட்டா சால்னா, சாப்பிட்ட பத்தாவது நிமிஷம் கேபினில் சாய்வு. வீட்டுப் பெண்ணுக்கு இதைவிட மோசம். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக உட்காருவார், மிச்சத்தை வழித்துச் சாப்பிடுவார், உடனே குனிந்து பாத்திரம் தேய்ப்பார், பாவாடை நாடா இடுப்பை இறுக்கிக்கொண்டிருக்கும். புகையே தொட்டதில்லை, எனக்கு எதற்கு இந்த நோய் என்று கேட்பவரும் அவர்தான். 2009இல் லான்செட் இதழில் புனேயின் டாக்டர் சந்தீப் சால்வியும் லண்டனின் பீட்டர் பார்ன்ஸும் இதற்குப் பதில் எழுதினார்கள். உலகில் சுமார் 300 கோடிப் பேர் விறகு, வறட்டிப் புகையில் வாழ்கிறார்கள், உலக அளவில் சி.ஓ.பி.டி.க்கு அதுவே மிகப் பெரிய காரணமாக இருக்கலாம் என்று.

வயிறு நிறையச் சாப்பிடுவதைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிக்க வேண்டும். ஷிஃப்டை நம்மால் மாற்ற முடியாது, சாப்பாட்டைப் பிரித்துக்கொள்ள முடியும். சாயங்காலம் ஆறு ஏழு மணிக்குத் தூக்குவாளியில் கொண்டுபோன அரிசிம்பருப்புச் சாதமோ இட்லியோ தறிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிடலாம். வீடு வந்து பசித்தால் இரண்டு இட்லி, இல்லையென்றால் ஒரு கிண்ணம் ரசமில்லாத குழைந்த சோறு, அத்தோடு சரி. நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை சாப்பிடுவது மூச்சுக்கும் நல்லது. சாப்பாட்டு நடுவில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதை முன்னேயும் பின்னேயும் தள்ளி வையுங்கள்.

காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு வறுக்கும் பள்ளிபாளையம் சிக்கன், பூண்டு மிளகாய்ச் சட்னி தடவிய சேலத்துத் தட்டுவடை செட், புளிக் கரைசல், எண்ணெய்ப் பலகாரம், ராத்திரி டீ. இவையெல்லாம் எல்லோருக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். எது உங்களைக் கரிக்கிறதோ அதை விடுங்கள், மற்றதைப் பகலில் அளவாகச் சாப்பிடுங்கள். மதுவும் பீடியும் மட்டும் விதிவிலக்கு. இரண்டும் அந்தத் தசையைத் தளர்த்துபவை, இரண்டும் நுரையீரலுக்கும் எதிரி. படுக்கும்போது ஒரு டம்ளர் பால் குடித்தால் குளிரும் என்பார்கள். அரை மணி குளிரும், பிறகு பாலின் புரதமும் கால்சியமும் அமிலத்தைத் தூண்டும்.

பயந்து பட்டினி கிடப்பதுதான் பெரிய ஆபத்து. நாள்பட்ட நுரையீரல் நோயில் மூச்சு விடுவதற்கே உடம்பு நிறைய சக்தி செலவழிக்கிறது. ஒல்லியானவர் இன்னும் ஒல்லியானால் நோய் கூடும். வேகவைத்த முட்டை பெரும்பாலானவர்களுக்குக் கரிப்பதில்லை. நாமக்கல்காரர்களுக்கு அது கைக்கெட்டிய புரதம். தொப்பை உள்ளவர் எடையைக் குறைக்க வேண்டும், ஒல்லியானவர் எடையைக் காக்க வேண்டும், இரண்டு பேருக்கும் ஒரே பத்தியம் கிடையாது.

கட்டில் காலுக்குக் கீழே செங்கல்

தலையணையை மூன்றாக அடுக்கிப் படுப்பவர்கள் உண்டு. அதில் கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு அமுங்குகிறது; புளிப்பு இன்னும் ஏறும். இடுப்பிலிருந்து தலை வரை ஒரே சாய்வாக உயர வேண்டும். மரக்கட்டில் என்றால் தலைமாட்டுக் கால் இரண்டின் கீழும் செங்கல்லைப் படுக்கவைத்து இரண்டிரண்டு அடுக்குங்கள், ஏறக்குறைய ஆறு அங்குலம் கிடைக்கும். அந்த உயரம் போதும். செங்கல் வழுக்காமல் மேலே ஒரு பழைய சாக்கை மடித்து வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதால் உடம்பு மடங்கிவிடும், இந்த நோய்க்கு அது ஒத்துவராது. பாயில் படுப்பவர்கள், இலவம் பஞ்சு மெத்தைக்காரரிடம் சொல்லி இடுப்பு வரை நீளும் சாய்வுத் திண்டு தைத்துக்கொள்ளலாம்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பையின் வாய் அமிலத்துக்கு மேலே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் அமிலம் அந்த வாயை எட்டும். சாப்பிட்டதும் அரைஞாண், பெல்ட், நாடா எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு வாசலில் மெதுவாக நடங்கள். பாத்திரம் தேய்ப்பதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நெஞ்சு அழுத்தமும் வியர்வையும், கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும் சேர்ந்து வந்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், விழுங்கிய சோறு நெஞ்சில் நிற்பது, காரணமில்லாமல் எடை குறைவது, சளியில் ரத்தம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது இவற்றுக்கும் தாமதம் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதைப் போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எங்கே போனாலும் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், இன்ஹேலரையும், மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கியதையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதற்கு முந்தின வாரம், கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று நேரங்களை எழுதி வையுங்கள்: ராத்திரி சாப்பிட்டது எத்தனை மணி, படுத்தது எத்தனை மணி, இருமி எழுந்தது எத்தனை மணி. ஏழு தாள்களையும் நெஞ்சு டாக்டரிடம் கொடுங்கள்.